ரைபிள் கிளப்பும் அருணகிரியின் நன்னடத்தையும்

பலூன் சுடும் கடைக்காரன் ஒரு மனுஷனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது ஆரணியில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆடி மாதத் திருவிழாவில். கும்பிடு வாங்கியவன் பட்டு நெசவு அருணகிரி.

ஐந்து குண்டு ஐந்து ரூபாய். ஐந்தும் பட்டால் ஒரு சாமான் இனாம். யாருக்கும் ஐந்தும் படாது, ஏனென்றால் குழலைக் கொஞ்சம் வளைத்துத்தான் கடையே போட்டிருப்பார்கள். அருணகிரி முதல் இரண்டு குண்டை வீணாக்கினான். குழல் இடது பக்கம் ஒரு நூல் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் பார்த்த எந்தப் பலூனும் முழுசாக வீடு திரும்பவில்லை. மூன்று நாளில் பதினோரு சோப்பு டப்பா, நாலு பிளாஸ்டிக் ஜக்கு, ஒரு சுவர்க் கடிகாரம். நாலாம் நாள் அவன் தலை தெரிந்ததுமே கடைக்காரன் துப்பாக்கியைச் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டான்.

"அண்ணா, நானும் புள்ளகுட்டிக்காரன். வேற கடைக்குப் போயேன்."

"வேற கடை இல்லியே."

"அப்ப ராட்டினத்துல ஏறு. காசு நான் தரேன்."

இதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அடைக்கலசாமி. பட்டாளத்தில் அவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கியவர். செய்யாரில் ஒரு கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆபீசர். சட்டைக் கஞ்சியைப் பார்த்தாலே பட்டாளம் என்று தெரியும்.

"இன்னாய்யா வேல செய்ற நீ?"

"தறிங்க."

"அது தெரியுது. கண்ணு யாருகிட்ட கத்துக்கிச்சு?"

அருணகிரிக்குக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. முப்பது வருஷமாகத் தறியில் உட்காருகிறான். பாவில் ஆயிரக்கணக்கில் ஓடும் இழைகளில் ஒன்று அறுந்தால் வாசற்படியில் நின்றே இன்ன இடம் என்று காட்டுவான். ஆனால் அதை யாரும் ஒரு திறமை என்று சொன்னதில்லை. அறுந்தால் முடிச்சுப் போடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அடைக்கலசாமி ஒரு விஷயம் சொன்னார். கண்ணமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் நாலு ஏக்கரில் வேலி போட்டு ஒரு ரைபிள் கிளப் நடக்கிறது. தனியார் கிளப். அதற்கு அவர்தான் செக்ரட்டரி. களம்பூர் ரைஸ் மில் முதலாளிகள், வேலூர் டாக்டர்கள், வக்கீல் ஒருவர் என்று நாற்பது மெம்பர். நாற்பத்தொன்றாவதாக ஒரு இடம் காலி இருக்கிறது.

"நாப்பது பேர்ல குறி தெரிஞ்சவன் நாலு பேரு. மீதிப் பேரு மலையத்தான் சுடறானுங்க. மலை பெருசுன்றதால படுது. நீ மனு போடு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அருணகிரி சாப்பிடும்போது பொண்டாட்டி பச்சையம்மாளிடம் சொன்னான். அவள் குழம்புக் கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

"துப்பாக்கியா? மொதல்ல அரிசி மூட்டைகிட்ட ஒரு எலி கீது, அத்த அடிங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நாற்பத்திநாலு வயது வரைக்கும் அருணகிரியை யாரும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. புடவைக்கு எந்தக் கலர் என்று முதலாளி சொல்வார். எந்தக் கரை என்று கடைக்காரர் சொல்வார். பச்சையம்மாளைக் கட்டிக்கொள் என்று மாமா சொன்னார். இது ஒன்றுதான் அவனுக்காகவே தோன்றின ஆசை. அதனால் அதை எப்படி அடக்குவது என்று அவனுக்குப் பழக்கம் இல்லை.

மனு நாலு பக்கம். 'இதற்கு முன் சுட்ட அனுபவம்' என்று ஒரு கேள்வி. 'பலூன்' என்று எழுதினான். 'எதற்காகச் சேர விரும்புகிறீர்' என்று இன்னொன்று. இரண்டு நாள் யோசித்து 'குறி வைக்க' என்று எழுதினான். அடைக்கலசாமி படித்துவிட்டு அவரே அடித்தார்.

"ஆர்வம்னு போடுய்யா. குறி வைக்கன்னு போட்டா யாரன்னு கேப்பானுங்க."

கண் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். ஆரணி டாக்டர் சுவரில் இருந்த கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார். அருணகிரி படித்து முடித்துவிட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சாபீஸ் பெயரையும் விலாசத்தையும் படித்தான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போய் அட்டைக்குப் பக்கத்தில் நின்று சரி பார்த்தார்.

"கழுகுக் கண்ணு. ஆனா ஒண்ணு சொல்றேன், தறிக்காரங்க கண்ணு அம்பது வரைக்கும்தான். அதுக்குள்ள எத்த பாக்கணுமோ பாத்துக்க."

ஆறு வருஷம் என்று அருணகிரி மனசில் எண்ணிக்கொண்டான்.

கடைசியாக அடைக்கலசாமி இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இந்தக் கிளப்பில் ஒருத்தருக்கு ஒரு மனுதான். ஒரு தடவை தள்ளுபடி ஆனால் ஆயுசுக்கும் தள்ளுபடி. அப்புறம் எவ்வளவு பெரிய ஆளைக் கூட்டிவந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். இரண்டாவது, போலீஸ் விசாரணை.

"ரகசியமா விசாரிப்பாங்க. யூனிபாரம் போட்டுகினு வர மாட்டாங்க. எதுக்கு விசாரிக்கிறோம்னும் சொல்ல மாட்டாங்க. நீயும் தெருவுல மூச்சு விடாத. நல்லது சொல்ல ஆள் ஏற்பாடு பண்ணிட்டான்னு எழுதிடுவாங்க."

அருணகிரி மூச்சு விடவில்லை. பச்சையம்மாளும் வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு ரகசியம் ஆறு மாதம் தாங்கினது அதுதான் முதல் தடவை. அதுவே வினையாயிற்று.

தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். பட்டுப் புடவையில் சில தினுசுகளைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், மிஷினில் நெய்யக் கூடாது என்று சட்டம். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் முன்கட்டில் கைத்தறி இருந்தது. எல்லா வீட்டிலும் பின்கட்டில் மிஷின் இருந்தது. முன்கட்டில் சட்டம், பின்கட்டில் சாப்பாடு. அருணகிரி வீட்டிலும் இரண்டு மிஷின் ஓடிற்று.

எனவே பேண்ட்டுக்குள் சட்டையை விட்டுக்கொண்டு, கையில் பைலோடு யார் தெருவுக்குள் நுழைந்தாலும் அவர் தறி ஆபீசர். இதில் சந்தேகத்துக்கு இடமே கிடையாது. தெருமுனைக் குழாயடியில் முனியம்மாள் எப்போதும் இருப்பாள். தண்ணீர் வராத நாளிலும் இருப்பாள். "அடியே, பால் பொங்குது!" என்று ஒரு குரல் விடுவாள். பத்து எண்ணுவதற்குள் தெரு முழுக்க மிஷின் சத்தம் அடங்கி, கைத்தறி சத்தம் கிளம்பிவிடும்.

அடுத்த விதி, வந்தவர் யார் பேரைச் சொல்லிக் கேட்கிறாரோ அவர் ஊரில் இல்லை. பதில் சொல்வது தனகோடியின் பொறுப்பு. அருணகிரிக்கு எதிர்வீடு, ஒரே வயது, தெருவிலேயே நல்ல வாய். ரொம்ப நாளாகக் கேட்டவர்களையெல்லாம் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். போன தடவை வந்த ஆபீசர், "உங்க தெரு ஆளுங்க இத்தினி பேரு காஞ்சிபுரத்துல இருந்தா, அங்க நாங்க ஒரு பிராஞ்சு தொறக்கணுமே" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தனகோடி, யாரும் போய்ச் சரி பார்க்க முடியாத ஊர் ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

மாசி மாதம். காலை பதினோரு மணி. அருணகிரி தனகோடி வீட்டு முன்கட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெருமுனையில் பால் பொங்கிற்று. டிவிஎஸ் பிப்டியில் ஒருவர் வந்து இறங்கினார். பேண்ட், சொருகின சட்டை, பைல். குறை ஒன்றும் இல்லை.

தெருவில் அவர் வாயிலிருந்து முதலில் விழுந்த பேரே "அருணகிரி" என்பதுதான். அருணகிரி வீட்டுக்கு ஓட நேரமில்லை. தறிக்குழிக்குள் இறங்கிவிட்டான். கைத்தறிக்குக் கீழே, நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம் அது. ஒரு ஆள் குந்தலாம். தனகோடி மேலே உட்கார்ந்து அவன் இரண்டு தோளிலும் இரண்டு காலை வைத்துக்கொண்டு நெய்ய ஆரம்பித்தான்.

வந்தவர் பேர் வேலு. போலீஸில் ரகசிய விசாரணை பார்க்கிறவர். நல்ல மனுஷர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"அருணகிரின்னு ஒருத்தரு. பட்டு நெசவு. அப்பா பேரு சின்னசாமி. இந்தத் தெருதான?"

தனகோடி குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாக் கட்டையைக் கீழே வைத்தான். பெருமூச்சு விட்டான்.

"இன்னாத்த சொல்றதுங்க. போய்ட்டாருங்க."

"எங்க?"

தனகோடி மேலே கையைக் காட்டினான். வேலு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"மேல மாடி எதனா இருக்குதா?"

"அதுக்கும் மேலங்க."

குழிக்குள் இருந்த அருணகிரிக்குப் புல்லரித்தது. காஞ்சிபுரத்தைவிட எவ்வளவோ தேவலாம். இந்தத் தனகோடியைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்று நினைத்தான்.

"எப்படிங்க? எப்போ?"

"நெஞ்சு வலிங்க. தறி மேலயே சாஞ்சிட்டாரு. மூணு வாரம் ஆவுது."

வேலு உச்சுக் கொட்டினார். பைலைத் திறந்தார். வந்ததற்கு எழுதத்தானே வேண்டும்.

"ஆளு எப்படி? குடி, சண்டை, சூது?"

இதற்குள் முனியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அருணகிரியோடு அவளுக்கு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் செத்தவரைக் குறை சொன்னால் கனவில் வந்து நிற்பார் என்பது அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இது பொய்ச் சாவுதான். இருந்தாலும் எதற்கு வம்பு?

"தங்கம் சார் அது. வாயில்லாப் பூச்சி. ஒரு ஈ எறும்பக் கூட அதட்டினது கெடையாது." சொல்லச் சொல்ல அவளுக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

"குடி வாசனையே ஆவாதுங்க," என்றான் தனகோடி. அப்போது அவன் கால் லேசாக நழுவி அருணகிரியின் காதில் பட்டது.

அந்த நேரம் பார்த்துப் பச்சையம்மாள் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்தாள். தலை நிறைய கதம்பம், நெற்றியில் எட்டணா அளவு பொட்டு.

"இந்தம்மா யாரு?"

"அவரு சம்சாரங்க."

வேலு பொட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். தனகோடி குரலைத் தாழ்த்தினான்.

"மனசு ஒப்பலிங்க அவங்களுக்கு. இன்னும் நம்பாம கீறாங்க. நாங்களும் ஒண்ணும் சொல்றதில்ல."

பச்சையம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "இன்னா தனகோடி அண்ணா, அவரு இங்கதான வந்தாரு? எங்க போனாரு?"

வேலு எழுந்து நின்றுவிட்டார். தனகோடி கொடுத்த காபியை வாங்கவில்லை. துக்கத்தில் இருக்கிற தெரு என்றார். வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போனார்.

அருணகிரி குழியிலிருந்து ஏறி வந்து தனகோடியின் கையைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், உன் கடன நான் எப்படித் தீப்பேன்?"

"வுடு மச்சான். நாளைக்கு நான் செத்தா நீ சொல்லமாட்டியா?"

இரண்டு வாரம் கழித்து அடைக்கலசாமி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் செய்யார் மார்க்கெட்டில் வாங்கின பெரிய ரோஜா மாலை. அருணகிரிதான் கதவைத் திறந்தான். அடைக்கலசாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

"வாங்க சார். இன்னா மாலையோட?"

"உனக்குத்தான்யா எடுத்தாந்தேன்."

மாலையை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பச்சையம்மாள் வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டாள். அடைக்கலசாமி தண்ணீர் குடித்துவிட்டுப் பையிலிருந்து போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் படித்தார்.

"மேற்படி நபர் எவ்விதக் கெட்ட பழக்கமும் இல்லாதவர். கோபம் அறியாதவர். அண்டை அயலாரால் பெரிதும் நேசிக்கப்பட்டவர். மேற்படியாரை உறுப்பினராகச் சேர்ப்பதில் ஆட்சேபணை ஏதும் இல்லை. மேற்படியார் காலமாகிவிட்டார்."

அருணகிரி எதிர்வீட்டைப் பார்த்தான். குழிக்குள் உட்கார்ந்து தன் காதாலேயே கேட்டு, கையைப் பிடித்து நன்றி வேறு சொல்லியிருக்கிறான்.

"கமிட்டியில இன்னா சொல்றாங்க சார்?"

"இப்படி ஒரு ரிப்போர்ட்டு எந்த மெம்பருக்கும் வந்ததில்லன்றாங்க. கடைசி வரிதான் இடிக்குது." அடைக்கலசாமி காகிதத்தை மடித்தார். "வர ஞாயித்துக்கெழம கமிட்டி. அதுக்குள்ள வேற ரிப்போர்ட்டு வரணும். இல்லன்னா மனு தள்ளுபடி. தள்ளுபடின்னா தெரியும்ல?"

தெரியும். ஆயுசுக்கும்.

அன்று சாயங்காலமே அருணகிரி தெருவைக் கூட்டி, கிளப், மனு, விசாரணை எல்லாவற்றையும் சொன்னான். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம்தான் சிக்கல் விளங்கிற்று. போலீஸிடம் போய் அருணகிரி சாகவில்லை என்று சொல்வது சுலபம். பின்னே எதற்காகச் செத்துவிட்டதாகச் சொன்னீர்கள் என்று கேட்டால்?

"கடன வசூல் பண்ண வந்தவருன்னு நெனச்சோம்னு சொல்லலாம்," என்றான் தனகோடி.

"அப்ப நான் கடன்காரன்னு எழுதுவாங்க. கடன் இருக்கறவன் கையில துப்பாக்கி தருவானா?"

"பொம்பள தகராறுன்னு..."

"நாக்க இழுத்து வெச்சு நறுக்கிடுவேன்," என்றாள் பச்சையம்மாள்.

"மூளைக் காய்ச்சல்ல செத்துப் பொழச்சான்னா?"

ஒளிந்துகொள்வதற்கு என்ன காரணம் சொன்னாலும் அது துப்பாக்கி தரக் கூடாததற்கும் காரணமாக இருந்தது. அவன் பேர் கெடாத காரணம் ஒன்றே ஒன்றுதான். பின்கட்டு மிஷின்.

"நான் உண்மையச் சொல்லிடறேன்," என்றான் அருணகிரி. "என் வூட்டு மிஷினப் பத்தி மட்டும். உங்க பேரு வராது."

யாரும் சிரிக்கவில்லை.

"உன் மிஷினு சத்தம் மட்டும் தனியாவா கேக்குது மச்சான்?" என்றான் தனகோடி. "ஒரு வூட்டுக்கு வரவன் அடுத்த வூட்டத் தாண்டிதான வரணும்? நீ உசுரோட கீறது எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா இன்னா அவசரம்?"

அருணகிரி விடிகிற வரைக்கும் புரண்டான். தெரு முழுக்கச் சாப்பிடுகிற சோறு ஒரு பக்கம். ஆறு வருஷக் கண் ஒரு பக்கம். காலையில் குளித்து, விபூதி வைத்து, உயிரோடு இருக்கிற ஆளாகத் தெரிய வேண்டும் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அப்போதும் தெரியவில்லை.

வேலு ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் இருந்தார்.

"நான் அருணகிரிங்க. சின்னசாமி மகன்."

வேலு டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவன் காலைப் பார்த்தார். கால் தரையில்தான் இருந்தது.

"இன்னாய்யா இப்படி வந்து என் வயித்துல அடிக்கிற? நேர்ல போய் விசாரிச்சேன்னு எழுதியிருக்கேன். நீ உசுரோட இருந்தா எனக்கு மெமோ தெரியுமா?"

"தப்பு என்மேலதாங்க. அது வந்து, பின்கட்டுல மிஷினு..."

வேலு கையைத் தூக்கினார். "மிஷினு கிஷினு எனக்கு வேணாம். அது வேற டிபார்ட்மெண்டு. அங்க இருந்து ஒருத்தன் வந்து என் வேலயப் பாக்கறானா? எனக்கு வேண்டியது ஆளு. இருக்கியா, இல்லியா?"

"இருக்கேங்க."

"பேஜாராப் போச்சு." வேலு யோசித்தார். "உங்க தெருவுல வேற அருணகிரி எவனாவது செத்திருக்கானா?"

"எங்க சித்தப்பா ஒருத்தருங்க. எழுவத்தொம்போதுல."

"அது போதும். மொதல்ல விசாரிச்சது அவர. பேருக் குழப்பம். உன்ன இனிமேதான் விசாரிக்கணும்." வேலுவின் முகம் தெளிந்தது. "நாளைக்கு வரேன். இந்தத் தடவையாவது எல்லாரையும் உண்மைய மட்டும் சொல்லச் சொல்லு. எனக்கு இன்னொரு சாவு தாங்காது."

அருணகிரி அரைச் சைக்கிள் உயரம் மிதந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். மிஷின் பேச்சே எடுக்கவில்லை, தெரு தப்பித்தது என்று சொன்னான். நாளைக்கு வருகிறவர் போலீஸ், பயப்பட வேண்டாம், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள் என்றான். நாற்பத்திநாலு வருஷம் அந்தத் தெருவில் வாழ்ந்தவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் வேலு தனகோடி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அருணகிரி தன் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லவன்தாங்க," என்று ஆரம்பித்தான் தனகோடி. "ஆனா..."

வேலு பேனா மூடியைக் கழற்றினார்.

பொங்கலுக்குச் சீட்டாடியது வந்தது. கோயில் கூட்டத்தில் நாற்காலியை உதைத்தது வந்தது. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரை முறைத்தது, முறைத்ததற்குக் காரணம், அந்தக் காரணத்துக்குக் காரணம், எல்லாம் வந்தது. உயிரோடு இருக்கிறவனைப் பற்றிப் பேச எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது. கோபம் வருமா என்று பச்சையம்மாளைக் கேட்டார். "உப்பு கம்மியானா வரும். ஜாஸ்தியானாலும் வரும்" என்றாள். உண்மைதான் சொல்லச் சொல்லியிருந்தான்.

கடைசியாக முனியம்மாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என் கோழிக்கு நாயம் சொல்லுங்க சார். ரெண்டு வருஷமா கேட்டுகினு கீறேன். காய வெச்ச பட்டு மேல ஏறப் போச்சாம். நாடாவ எடுத்து வுட்டான் பாருங்க ஒரு வீசு! இரும்பு மூக்கு வெச்ச நாடா. கோழிக்குக் காலு ஒடிஞ்சிச்சு."

"எங்க இருந்து வுட்டாரு?"

"அவன் வாசல்ல இருந்து. கோழி அதோ, எங்க வூட்டு மூலையில."

வேலு எழுந்து தப்படி போட்டு அளந்தார். முப்பத்திரண்டு.

"செத்துப் போச்சா?"

"சாவல. கொழம்பு வெச்சிட்டேன்."

அதையும் எழுதிக்கொண்டார். ஜன்னலுக்குப் பின்னால் அருணகிரி தரையில் உட்கார்ந்துவிட்டான். குழியில் இருந்தபோது கேட்ட அந்த நல்ல மனுஷன் நினைவுக்கு வந்தான். அவனுக்கே கிளப்பில் இடம் கொடுத்திருக்கலாம் என்று தோன்றிற்று.

ஞாயிற்றுக்கிழமை கண்ணமங்கலத்தில் இறங்கி இரண்டு மைல் நடந்து கிளப்புக்குப் போனான். தகரக் கொட்டகை, நீள மேஜை. நடுவில் தலைவர். வேலூரில் எலும்பு டாக்டர். எட்டு வருஷமாக மெம்பர், இன்னும் அட்டையின் கறுப்பு வட்டத்தைத் தொட்டதில்லை. பக்கத்தில் வக்கீல். ஓரத்தில் அடைக்கலசாமி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இரண்டு ரிப்போர்ட்.

வக்கீல் இரண்டாவதைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார். "செத்தவரு எவ்வளவோ தேவலாம். இவரு கோவக்காரரு, ஆயுதத்தால தாக்கின ஆளு. தள்ளுபடி பண்ணிடலாம் சார்."

"இருங்க," என்றார் டாக்டர். அவர் இன்னும் கோழிப் பத்தியிலேயே இருந்தார். "முப்பத்திரண்டு தப்படி. கோழி நின்னுகினு இருந்துச்சா?"

"ஓடிகினு இருந்துச்சுங்க."

டாக்டர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையைப் பார்த்தார்.

"கால்லதான் குறி வெச்சியா?"

 ஆமாம் என்றால் கொடுமைக்காரன். இல்லை என்றால் குறி தெரியாதவன். எப்படிச் சொன்னாலும் கேட் மூடிவிடும் போலிருந்தது. யோசிக்க ஒன்றும் மிஞ்சாததால் நடந்ததைச் சொன்னான்.

"இல்லிங்க. கோழிக்கு முன்னால ஒரு சாண் தள்ளி, தரையில. பயந்து திரும்பட்டும்னு. வெச்ச எடத்துலதான் பட்டுது. அங்க ஒரு கல்லு இருந்துச்சு. நாடா எகிறிடுச்சு. அதுதான் நான் நெனைக்கல."

"அப்ப குறி தப்பல?" என்றார் டாக்டர்.

"தப்பலிங்க. புத்திதான் தப்பிடுச்சு."

"மறுபடியும் கோழி வந்தா வுடுவியா?" என்று கேட்டார் வக்கீல்.

"வுட மாட்டேங்க. அன்னிக்கு அந்தக் கோழிக்குப் பின்னாலதான் முனியம்மா அக்கா குந்திகினு இருந்தாங்க. எகிறினது கொஞ்சம் மேல போயிருந்தா? குறி வெச்ச எடத்த மட்டும் பாத்துட்டேன். அதுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு பாக்கல. ரெண்டு வருஷமா அந்த அக்கா மூஞ்சியப் பாக்க முடியல எனக்கு."

 அடைக்கலசாமி தொண்டையைச் செருமினார்.

"சார், நம்ம கிளப் ரூல் புஸ்தகத்துல மொதல் ரூலு இது. குறிக்குப் பின்னாடி என்ன இருக்குதுன்னு தெரியாம சுடாதே. போன மாசம் பரிட்சை வெச்சப்ப நம்ம மெம்பருங்கள்ல எத்தினி பேரு இத்தச் சரியா எழுதினாங்க?"

 வக்கீலும் அந்தப் பரிட்சையில் அதை விட்டவர்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் ஏர் ரைபிள் மட்டும், அடைக்கலசாமி பக்கத்தில் நிற்க வேண்டும், கோபம் வந்தால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மூன்று நிபந்தனை. மெம்பர் நம்பர் நாற்பத்தொன்று.

சித்திரை மாதம் இரண்டாவது ஞாயிறு அருணகிரி முதல் தடவையாக வளையாத குழல் உள்ள துப்பாக்கியைக் கையில் பிடித்தான். பத்து மீட்டர் தூரத்தில் அட்டை. ஐந்து குண்டு. சுட்டு முடித்ததும் அடைக்கலசாமி போய் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார்.  தேதி போட்டு, அடியில் கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுத்தார். டாக்டர் அதை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

வீட்டில் பச்சையம்மாளிடம் காட்டினான். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தினி சுட்டீங்க?"

"அஞ்சு."

"ஒரு ஓட்டதான கீது?"

"ஆமா."

"கொஞ்சம் பெருசா கீது, ஆனா ஒண்ணுதான். மீதி நாலு எங்க போச்சு?"

அருணகிரி அட்டையைப் பார்த்தான். விளக்கலாம் என்று வாயெடுத்தான். எதிர்வீட்டு வாசலில் தனகோடி காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இந்தத் தெருவில் உண்மையைச் சொல்லி ஒரு தடவை பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பாடுபட்டுச் சேர்ந்த அருணகிரி ஐந்தில் நாலை விட்டுவிட்டான். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனவனை முனியம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். தன் குடத்தைத் தள்ளி அவன் குடத்துக்கு இடம் விட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவனோடு பேசினாள்.

"வுடு தம்பி. போகப் போக வரும்."

"வரும்க்கா," என்றான் அருணகிரி.